ஒட்டிய இடமெல்லாம் ரவி

செல்வி, பாபு,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் கைப்பேசியில் எடுத்த படத்தை எனக்குக் காட்டினீர்கள். கடற்கரை மெல்ல மங்கி, அதற்குள்ளிருந்து நம் வீட்டு மொட்டைமாடி எழும்பி வந்தது. அந்த இடத்தில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். "அப்பாவுக்குப் புடிக்கல" என்று பாபு சொன்னது காதில் விழுந்தது.

பிடிக்காமல் போகவில்லை. ஒரு காட்சி போய் இன்னொரு காட்சி வரும் அந்த ஒரு நொடியை என்னால் இன்றைக்கும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. ஏன் என்று இந்த வாரம் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு அம்மாவிடம் ஒன்றும் கேட்காதீர்கள். ரவி பேச்சை எடுத்தால் அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவாள்.

தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் உங்கள் அருள் மாமாவின் வீடியோ கடை இருந்ததே, அங்கே நடந்தது. மத்தியான நேரம். திரை தெளிவாகத் தெரியவேண்டும் என்று ஜன்னலில் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். கீழேயிருந்து பன் வேகும் வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் இரும்பு நாற்காலியில் முனிசாமி அண்ணன். என்னோடு தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தன் மகள் மல்லிகாவின் கல்யாணக் கேசட் தயாராகிவிட்டதா என்று பார்க்க வந்திருந்தார்.

திரையில் மண்டப வாசல். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குகிறார். அடுத்தது மேடை. வாசல் மங்கத் தொடங்கியது. மேடை தெளியத் தொடங்கியது.

இரண்டுக்கும் நடுவில் ரவி இருந்தான்.

கண்ணாடியில் வாயால் ஊதிய ஈரம் போல இருந்தான். அவன் சட்டை வழியாகப் பின்னால் கட்டியிருந்த வாழைமரம் தெரிந்தது. கையை நீட்டிக்கொண்டு வந்தான். முழுதாக வருவதற்குள் போய்விட்டான்.

"நிறுத்துப்பா" என்றார் முனிசாமி அண்ணன்.

ரவி அவருடைய ஒரே மகன். அவன் சுரங்கத்துக்குள் இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்தக் கேசட்டிலிருந்து அவனை ஓர் இடம் விடாமல் வெட்டி எடுத்திருந்தேன். வெட்டியவன் நான்தான். அண்ணன் கேட்டுக்கொண்டபடி.

மணியும் மௌஸும்

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நந்திதுர்க் சுரங்கத்தில், கீழே இறங்கும் ஷாஃப்ட் குழியின் வாயில் எனக்கு வேலை. கேஜ் என்கிற இரும்புக் கூண்டுக்குள் ஆட்களை ஏற்றி, கதவைச் சாத்தி, மணியடித்துக் கீழே அனுப்பவேண்டும். மேலே வந்தால் கதவைத் திறந்துவிடவேண்டும். நான் உங்களுக்குச் சோறு போட்டது அந்த மணியால்தான். ஆனால் அந்தக் கடைசி வருஷங்களில் மணிக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. இன்றைக்கு மூடுவார்கள், நாளைக்கு மூடுவார்கள் என்று டீக்கடையில் தினமும் பேச்சு. காலை ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வந்தால் சும்மா உட்கார முடியவில்லை. அருள் கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன்.

அருள் அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தான். அதுவரைக்கும் இரண்டு கேசட் டெக்கை வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏற்றிக்கொண்டிருந்தவன். கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கி, வேண்டிய துண்டுகளை வெட்டி, வரிசையாக ஒட்டி, மறுபடி கேசட்டில் ஏற்றித் தருவதற்கு எங்கள் பக்கத்தில் 'மிக்ஸிங்' என்று பேர். எட்டாவது தாண்டாத எனக்கு அதெல்லாம் வருமா என்று தயங்கினேன்.

"மாமா, நீ கேஜ் வுடற ஆளு. இதுவும் அதேதான். எங்க நிக்கணும், எங்க கெளம்பணும். இதுல யாரும் செத்துப் போவப் போறதில்ல, தைரியமா அமுக்கு" என்றான்.

அமுக்கினேன். வந்துவிட்டது.

இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் சும்மா விட்டால் படம் குதிக்கும். அந்தக் குதியை மறைக்க ஏதாவது போடவேண்டும். அருளுக்குப் பிடித்தது இதயம். பெண்ணின் முகம் சுருங்கி இதயமாகி, அது சுற்றிக்கொண்டே போய் மாப்பிள்ளை முகமாக விரியும். பக்கம் புரள்வது, புறா பறப்பது என்று இன்னும் எத்தனையோ வைத்திருந்தான். "இதயம் இல்லன்னா ஜனங்க கல்யாணம்னே ஒத்துக்க மாட்டாங்க மாமா" என்பான். ஒரு கருமாதி வீட்டு வீடியோவுக்குக்கூடப் பழக்கதோஷத்தில் இதயம் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன்.

எனக்குப் பிடித்தது டிசால்வ். ஒன்று கரையும், இன்னொன்று தெளியும். அவ்வளவுதான். எனக்கு அது புதிதாகவே இல்லை. ஷாஃப்ட் வாயில் நின்று தினமும் பார்த்ததுதான். கேஜ் இறங்கும்போது முதலில் உடம்புகள் மறையும். பிறகு முகங்கள். தொப்பி விளக்குகள் மட்டும் கொஞ்ச தூரம் தெரியும். நடுவில் ஒரு கணம் உண்டு. முகமும் இருட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். முகம் எது, இருட்டு எது என்று சொல்ல முடியாது.

ரவி கேட்டது

மல்லிகா கல்யாணத்தில் ரவி இல்லாத இடமே கிடையாது. எங்கள் பக்கம் பெண்ணுடைய அண்ணன்தான் வாசலில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டு, கையைப் பிடித்து மேடை வரைக்கும் நடத்திக்கொண்டு வருவான். முனிசாமி அண்ணன் குடும்பம் அவர் அப்பா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்தது. ஓமம், முகூர்த்தம் எதுவும் கிடையாது. மேடையில் புத்தர் படம், வெள்ளைப் பூ, பஞ்சசீலம். ஆனால் மச்சான் மோதிரத்தை மட்டும் அவர்களும் விடவில்லை.

கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்து ஒரு காலையில் ரவி கேஜுக்குள் ஏறி நின்றான். கதவைச் சாத்தும்போது கம்பி வழியாகக் கேட்டான்.

"சித்தப்பா, கேசட்டு இன்னா ஆச்சு?"

"ஆவுது ஆவுது."

"மாப்ளய நான் இட்டுனு வர சீன் கீதே, அதுல எதுனா எஃபெக்ட் போடு. சும்மா நடந்து வர மாதிரி வெச்சுடாத. என்னை ஹீரோ மாதிரி காட்டணும்."

"மூஞ்சியப் பாத்தியா கண்ணாடில?" என்றார் உள்ளே நின்ற இன்னொருவர். கேஜே சிரித்தது. நான் மணியடித்தேன்.

அன்றைக்குப் பாறை வெடித்தது. ஆழத்தில் பாறை தன் பாரம் தாங்காமல் தானாகவே வெடிக்கும். மேலே வீடுகளில் பாத்திரங்கள் அதிரும். தங்கவயலில் பிறந்த குழந்தைக்குக்கூட அந்தச் சத்தம் தெரியும். அதிர்ந்தால் பெண்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஷாஃப்டைப் பார்த்து ஓடுவார்கள். அன்றைக்கும் ஓடி வந்தார்கள். உங்கள் அம்மாவும் வந்தாள். நான் இருந்தது மேலே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரவி வேலை செய்த பக்கத்தை நெருங்கவே முடியவில்லை. என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அவனை மேலே கொண்டுவர முடியாமலே போயிற்று. முகம் பார்க்காமல், போட்டோவை வைத்துத்தான் காரியமெல்லாம் செய்தார்கள். கல்யாணக் கேசட் வேலை அப்படியே நின்றுவிட்டது. கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் செய்யக் கை வரவில்லை.

முனிசாமி அண்ணன் கேட்டது

மல்லிகாவுக்கு ஏழாவது மாதம் நடக்கும்போது பெங்களூரிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து கல்யாணக் கேசட் எங்கே என்று கேட்டாளாம். முனிசாமி அண்ணன் கடைக்கு வந்தார். அருள் டீ வாங்கக் கீழே போகும்வரை ஒன்றும் பேசவில்லை.

"அவளுக்கு பிரஷர் ஏறிக்கினே போவுதுப்பா. கால் ரெண்டும் வீங்கிக் கெடக்குது. ரெண்டு தபா மயக்கம் போட்டு வுழுந்துட்டா. மனசுல எதையும் போட்டுக்காம பாத்துக்கணும், இல்லன்னா ரெண்டு உசுருக்கும் சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

நான் தலையாட்டினேன்.

"அவன் இல்லாம ஒண்ணு போட்டுக் குடு."

"யாரு இல்லாம?"

அவர் என்னைப் பார்த்தார். பேர் சொல்லவில்லை.

"அண்ணே, அதுல அவன் இல்லாத எடமே இல்லியே."

"அதான் உங்கிட்ட வந்தேன். வேற யாருகிட்டனா போயி எம்புள்ளைய வெட்டி எடுன்னு சொல்ல முடியுமா?" என்றார். "கொழந்த பொறக்கட்டும். அப்புறம் முழுசா பாத்துக்கலாம்."

அடுத்த சில நாள் மத்தியானமெல்லாம் அதே வேலை. ரவி படச்சட்டத்துக்குள் வருகிற இடத்தில் ஒரு வெட்டு. அவன் வெளியே போகிற இடத்தில் ஒரு வெட்டு. நடுவில் இருப்பதை எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்ப்பேன். கல்யாணத்தில் வேறெதுவும் குறைந்துவிடக் கூடாது என்று அவன் முழங்கை தெரிகிற அந்த நொடி வரைக்கும் விட்டு, மயிரிழையில் வெட்டினேன். கொஞ்சம் முன்னாலேயே வெட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அருள் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னா மாமா இது? மாப்ள வாசல்லருந்து மேடைக்குப் பறந்து போயிட்டாரு!"

பிறகு யாரை எடுத்திருக்கிறேன் என்று புரிந்து, சிரிப்பை நிறுத்திவிட்டான். "எல்லா ஒட்டுக்கும் டிசால்வ் போட்டுடு. குதிக்கறது தெரியாது" என்று மெதுவாகச் சொன்னான்.

போட்டேன். ஒவ்வொன்றாகப் போடவில்லை. எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அமுக்கு. அந்தக் காலத்து மெஷின் அதைச் செய்து முடிக்க ஒரு நாள் முழுக்க முனகும். முனகட்டும் என்று விட்டுவிட்டு வந்துவிட்டேன். போட்டுப் பார்த்தது முனிசாமி அண்ணனோடுதான், முதல் தடவையாக.

அந்த மத்தியானம்

"நிறுத்துப்பா" என்றார் என்றேன் அல்லவா. எனக்கு நிறுத்தக் கை வரவில்லை. படம் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த ஒட்டு. மேடையிலிருந்து சாப்பாட்டுப் பந்தி. ரவி பந்திக்கு மேலே மிதந்தான். குரலும் வந்தது. படம் கரையும்போது ஒலியும் கரையும். தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போல அவன் சிரிப்பு எழும்பி அமுங்கிற்று.

அதற்கடுத்தது. இதில் இரண்டு ரவி. ஒருவன் இடது பக்கத்திலிருந்து வந்தான். இன்னொருவன் வலது பக்கம் போனான். நடுவில் ஒருவனுக்குள் ஒருவன் நுழைந்து, ஒன்றாகி, இல்லாமல் போனார்கள். பந்தியில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அப்போதுதான் எனக்குக் கை வந்தது. நிறுத்தினேன்.

முனிசாமி அண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்தார். "எங்க வூட்ல ஆவி கீவின்னு பேச்சே கெடையாது" என்றார். "எங்கப்பா அத்தயெல்லாம் வுட்டுட்டுத்தான் இந்த மார்க்கத்துக்கு வந்தாரு. ஆனா இது இன்னாப்பா?"

பின்னால் கேசட் அடுக்கிக்கொண்டிருந்த அருள் வந்து நின்று, என் தோளுக்கு மேலாக எட்டி, ஒட்டை விரித்துப் பார்த்தான்.

"மாமா, நீ வெட்டினது எங்கியும் போவல. மடிச்சு உள்ள வெச்சுக்குது, அவ்ளோதான். டிசால்வ் போடணும்னா வெட்டுக்கு அந்தாண்ட ரெண்டு பக்கமும் கொஞ்சம் எச்சா நீளம் அதுக்கு வேணும். இல்லன்னா எத்த எதோட கரைக்கும்? அதனால மடிப்புக்குள்ள கையை வுட்டு இழுத்துக்குது. நீ அவன் வர எடத்துல கரெக்டா வெட்டிக்கீற. இழுத்தா யார் வருவா? அவன்தான் வருவான். முன்னாடி தள்ளி வெட்டிட்டா வர மாட்டான்."

காரணம் புரிந்துவிட்டது. ஆனாலும் எங்கெங்கே அவனை எடுத்தேனோ அங்கெல்லாம், வேறெங்கும் இல்லாமல் அங்கே மட்டும், அவன் வந்து போகிறான்.

அப்போது ஆழத்தில் எங்கேயோ பாறை அசைந்தது. சின்னதுதான். திரை லேசாக நடுங்கியது. கீழே பேக்கரியில் தட்டுகள் கலகலவென்றன. மூன்று பேரும் பேச்சை நிறுத்தி, நின்றவர் நின்றபடி, உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி காத்திருந்தோம். பெரியது வரவில்லை.

"எடுத்துடுப்பா" என்றார் முனிசாமி அண்ணன். "சுத்தமா எடுத்துடு. அவ பாத்துட்டான்னா வேற வெனையே வேணாம்."

"நாளைக்கே எடுத்துடறேண்ணே."

படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

மல்லிகா

ஒரு கையால் சுவரைப் பிடித்து, இன்னொரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இங்கதான் கீறியா? வூட்ல ரேஷன் கடைக்குப் போறேன்னுட்டு வந்தியே."

"உன்ன யாரு படியேறச் சொன்னது? அறிவு இருக்குதா?"

"நீ பொய் சொன்னா நான் படியேறித்தான் ஆவணும்." திரையைப் பார்த்துவிட்டாள். "கேசட்டு ஆயிடுச்சா சித்தப்பா?"

"இன்னும் ஆவல கண்ணு. ரெண்டு நாள்."

"அப்ப இது இன்னா ஓடினு கீது?"

அருள் திரையை அணைக்கக் கை நீட்டினான். "கைய எடு அருளண்ணா" என்றாள். அந்தக் குரலுக்கு அவன் கை தானாக இறங்கிவிட்டது. என் நாற்காலியில் உட்கார்ந்தாள். "முதல்லருந்து போடுங்க."

நான் முனிசாமி அண்ணனைப் பார்த்தேன். அவர் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். நாடி பார்ப்பது போலப் பிடித்திருந்தார். வேறு வழி இல்லாமல் போட்டேன்.

நான் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். விழுந்தால் பிடிக்கவேண்டுமே. திரையின் நீல வெளிச்சம் அவள் கன்னத்தில் ஆடியது. ஒட்டு வருவது எனக்கு அவள் முகத்திலேயே தெரிந்தது. கண் ஒரு தடவை விரியும். உதடு லேசாகப் பிரியும். மறுபடி சேர்ந்துவிடும். இரண்டாவது ஒட்டில் அந்தச் சிரிப்புச் சத்தம் வந்தபோது வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். அவள் அழவில்லை. கூப்பிட்டவர் யாரென்று தெரிந்துகொண்டு திரும்பிப் பார்க்கிறவள் போல இருந்தாள்.

முடிந்தது.

"அண்ணன எடுத்துட்டீங்களா?" என்றாள்.

"உனக்காகத்தாம்மா" என்றார் முனிசாமி அண்ணன். "உன் வயித்துல இருக்கறதுக்காக. அவன் போயிட்டான். உன்னையும் வுட முடியுமா என்னால?"

"மெஷின் கோளாறும்மா அது, அங்கங்க தெரியறது. நாளைக்கு சரி பண்ணிடறேன்" என்றேன். "இல்ல, முழுசா வேணும்னா முழுசாவே போட்டுத் தரேன். நீ சொல்றதுதான்."

நீங்கள் இரண்டு பேரும் இதைக் கவனமாகப் படிக்கவேண்டும், அதனால் அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"முழுசா வேணாம் சித்தப்பா. அவன் நடந்து வரது, பேசறது எல்லாம் முழுசா பாத்தா என்னால தாங்க முடியாது. அது எனக்கே தெரியும். ராத்திரியெல்லாம் அந்த பயம்தான். சுத்தமா இல்லாமயும் வேணாம். இல்லாத கேசட்ட நாளைக்கு எம்புள்ளைக்குப் போட்டுக் காட்டினா, மாப்ளய யாரு இட்டுனு வந்தாங்கன்னு கேட்டா, இன்னா சொல்லுவேன்? இப்பிடியே குடுத்துடுங்க. இந்த அளவுக்கு என்னால பாக்க முடியுது."

"பிரஷரு ஏறிடும்மா" என்றார் அண்ணன்.

"கையப் புடிச்சினுதானப்பா கீற? ஏறிச்சா?"

அவர் பிடியை விடவில்லை.

படியிறங்குவதற்கு முன் மல்லிகா திரும்பி, "கடைசில நாங்க கார்ல கெளம்பற எடத்துலயும் கீறான், கண்ணாடில. பாத்தீங்களா?" என்றாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். கார் கிளம்புகிற இடத்தில் நான் எதையும் வெட்டியிருக்கவில்லை. அங்கே ஒட்டே கிடையாது.

பொழுது சாய்ந்தபோது

அவள் கேட்டபடியே கேசட்டில் ஏற்றிக் கொடுத்தோம். அருள் பழக்கதோஷத்தில் முகப்பில் ஒரு இதயம் வைத்தான். அதை நான் தடுக்கவில்லை. உங்களோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனாளே கௌதமி, அவள்தான் பிறகு பிறந்த குழந்தை. தாயும் பிள்ளையும் நல்லபடியாகவே வீட்டுக்கு வந்தார்கள்.

கேசட் கொடுத்த அன்று சாயங்காலம் அருள் கடைச் சாவியை என்னிடம் தந்துவிட்டு ராபர்ட்சன்பேட்டைக்கு ஒரு நிச்சயதார்த்தம் பேசப் போயிருந்தான். நான் தனியாக உட்கார்ந்து, கார் கிளம்பும் காட்சியை ஒவ்வொரு படச்சட்டமாக நகர்த்திப் பார்த்தேன். கண்ணாடியில் தென்னங்கீற்று நிழல். பந்தல் துணி. ஒரே ஒரு சட்டத்தில் நெற்றி மாதிரி ஒன்று. அடுத்ததில் இல்லை. முன்னால் நகர்த்தினேன், பின்னால் நகர்த்தினேன். நிழல்தான் என்று முடிவு செய்தேன். அப்படித்தான் முடிவு செய்தேன்.

மறுநாள் வேறொரு கல்யாணத்தை இறக்கவேண்டும். கம்ப்யூட்டரில் இடம் இல்லை. மல்லிகா கல்யாணத்தை அழிக்கச் சொல்லியிருந்தான் அருள். அழித்தேன். மடித்து வைத்தது, மறைத்து வைத்தது எல்லாம் போயிற்று.

மிச்சம் இருந்தது, மண்டபத்தில் கேமராவுக்குள் ஓடிய கேசட் மட்டும்தான். ரவி முழுசாக நடந்து வருவது அதில்தான் இருக்கிறது. வேலை முடிந்த கேமரா கேசட்டை அடுத்த கல்யாணத்துக்கு எடுத்து, அதன் மேலேயே பதிந்துவிடுவது அருள் கடை வழக்கம். அதுவும் கதவோரமாக மற்ற கேசட்டுகளோடு அடுக்கில் இருந்தது.

அதை எடுத்தேன். கேசட்டின் முதுகில் ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் வேறெதுவும் பதியாது.

ஸ்குரூ டிரைவர் முனையை உள்ளே விட்டு நெம்பினேன். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். கறுப்புத் துண்டு மேஜையில் தெறித்து விழுந்தது. அதைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விசிறியை நிறுத்தி, கடையைப் பூட்டினேன்.